நெல் வயலில் தாவும் வண்ணத்துப்பூச்சிகள்: அடையாளம் காண்பது எப்படி?



நெற்பயிர் தூர் கட்டும் பருவத்தில், காலை வெயில் ஏறும் நேரத்தில் வரப்பின் மேல் நின்று வயலைப் பாருங்கள். பழுப்பு நிறச் சிறு பூச்சிகள் சில விருட்டென்று பறந்து ஓர் இலையில் அமரும். கையை நீட்டுவதற்குள் அடுத்த குத்துக்குத் தாவிவிடும். நம்மில் பலர் இவற்றை அந்துப்பூச்சி என்றே எண்ணுகிறோம். உண்மையில் இவை வண்ணத்துப்பூச்சிகள். ஹெஸ்பெரிடே என்னும் குடும்பத்தைச் சேர்ந்தவை. தாவித் தாவிப் பறப்பதால் இவற்றைத் தாவும் வண்ணத்துப்பூச்சிகள் என்று இப்பாடத்தில் குறிப்பிடுவோம்.

இவற்றின் புழுக்கள் நெல் இலையைச் சுருட்டித் தின்பவை. ஆகவே இவற்றைக் கண்டதும் விவசாயிக்குக் கவலை ஏற்படுவது இயல்பே. ஆனால் இப்பூச்சிகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தறிவது மிகவும் கடினம். அவ்வாறு பிரித்தறிய முடியாமல் போவதால் நமக்கு நட்டம் உண்டா, எதைத் தெரிந்துகொண்டால் போதும் என்பதை விளக்குவதே இப்பாடத்தின் நோக்கம்.

என் அனுபவம் ஒன்று

சில ஆண்டுகளுக்கு முன் சம்பாப் பருவத்தில் விவசாயி ஒருவர் தீப்பெட்டியில் இரண்டு பூச்சிகளை அடைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். "இது என்ன பூச்சி சார்? என்ன மருந்து அடிக்கலாம்?" என்று கேட்டார். தீப்பெட்டிக்குள் அடித்துக்கொண்டதில் சிறகுச் செதில்கள் உதிர்ந்து, புள்ளிகள் தெளிவாகத் தெரியவில்லை. "பெயரைப் பார்த்துச் சொல்கிறேன், இரண்டு நாள் பொறுங்கள்" என்றேன். புத்தகங்களைப் புரட்டியும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

மூன்றாம் நாள் அவருடைய வயலுக்குச் சென்றேன். அதற்குள் அக்கம்பக்கத்தார் சொல் கேட்டு அவர் மருந்து தெளித்திருந்தார். சுருண்ட இலைகளைப் பிரித்துப் பார்த்தபோது, சேதமான இலைகள் மிகக் குறைவாகவே இருந்தன. சில சுருள்களில் வெள்ளைப் பஞ்சுத் துணுக்குகள் போன்ற சிறு கூடுகள் இருந்தன. அவை புழுவைக் கொல்லும் ஒட்டுண்ணிக் குளவியின் கூடுகள். அதாவது, மருந்து தெளிப்பதற்கு முன்பே இயற்கை அந்த வேலையைத் தொடங்கிவிட்டது. அடுத்த சில வாரங்களில் அதே வயலில் புகையான் தோன்றி, வட்ட வட்டமாகப் பயிர் காய்ந்தது. அந்த ஒரு தெளிப்புதான் காரணம் என்று அடித்துச் சொல்ல இயலாது. ஆனாலும் புகையானைப் பிடித்துத் தின்னும் சிலந்திகள் அந்த வயலில் கண்ணில் படவே இல்லை.

தவறு என்னுடையது. பூச்சியின் பெயரைத் தேடுவதற்கு முன், "இலையைப் பிரித்துப் பார்த்தீர்களா? எத்தனை இலை சேதம்?" என்று நான் கேட்டிருக்க வேண்டும்.

அந்துப்பூச்சியா, வண்ணத்துப்பூச்சியா?

முதலில் இவ்விரண்டையும் பிரித்தறிவோம். தாவும் வண்ணத்துப்பூச்சியின் உணர்கொம்பு நுனியில் தடித்து, கொக்கி போலப் பின்னோக்கி வளைந்திருக்கும். உடல் பருத்தும், கண்கள் பெரிதாகவும், சிறகுகள் உடலுக்குச் சிறியவை போலவும் தோன்றும். இலையில் அமர்ந்து வெயில் காயும்போது பின்சிறகுகளைத் தட்டையாக விரித்து, முன்சிறகுகளைப் பாதி உயர்த்தி வைத்திருக்கும். பகலில் பறக்கும்.

இலைச்சுருட்டுப்புழுவின் தாய்ப்பூச்சி அந்துப்பூச்சியாகும். அது வைக்கோல் மஞ்சள் நிறத்தில், சிறகில் வளைந்த கருங்கோடுகளுடன் காணப்படும். அதன் உணர்கொம்பு நூல் போல மெலிந்திருக்கும். பயிரைத் தட்டினால் சிறிது தூரம் பறந்து மீண்டும் இலைக்கடியில் ஒளிந்துகொள்ளும். இரவில் விளக்கொளியைத் தேடி வரும்.

ஒன்றுபோல் தோன்றும் மூன்று பூச்சிகள்

நெல்லில் காணப்படும் தாவும் வண்ணத்துப்பூச்சிகளில் மூன்று வகைகள் ஒன்றுபோலவே இருக்கும். மூன்றும் பழுப்பு நிறம். முன்சிறகில் கண்ணாடி போன்ற சிறு வெண்புள்ளிகள் இருக்கும். சிறகை விரித்தால் ஏறத்தாழ 3 முதல் 4 செ.மீ. அகலம் இருக்கும்.

1. பெலோபிடாஸ் மத்தியாஸ்: இதன் பின்சிறகின் அடிப்புறத்தில் சிறு வெண்புள்ளிகள் வளைந்த வரிசையாக அமைந்திருக்கும். அவ்வரிசைக்கு உட்புறமாக, சிறகின் நடுவில், தனித்து ஒரு புள்ளி காணப்படும். ஆண் பூச்சியின் முன்சிறகு மேற்புறத்தில் சாம்பல் கலந்த வெண்மையில் சாய்வான மெல்லிய கோடு ஒன்று இருக்கும். பெண் பூச்சிக்கு இக்கோடு இல்லை. 1798ஆம் ஆண்டில் ஃபாப்ரிசியஸ் என்னும் அறிஞர் இதற்குப் பெயரிட்டார்.

2. பர்னாரா வகை: பின்சிறகின் புள்ளிகள் வளையாமல், ஏறத்தாழ நேர்கோட்டில் அமைந்திருக்கும். நடுவில் தனிப்புள்ளி இல்லை. உணர்கொம்பு குட்டையாக இருக்கும். ஜப்பானிய நெல் வயல்களில் இவ்வகைப் பூச்சி ஒன்று பெருமளவில் காணப்படுகிறது. அந்நாட்டு மக்கள் அதற்கு இட்டிருக்கும் பெயரே 'நேர்கோட்டுத் தாவி' என்ற பொருள் தருவதாகும். தென்னிந்தியாவில் உள்ள பர்னாரா இனங்களில் இப்புள்ளிகள் சிறுத்தும் எண்ணிக்கையில் குறைந்தும் இருப்பதுண்டு.

3. போர்போ சின்னாரா: இதற்கும் பின்சிறகின் நடுவில் தனிப்புள்ளி இல்லை. ஆண் பூச்சியில் சாய்வுக் கோடும் இல்லை. முன்சிறகின் பின்விளிம்பை ஒட்டி, ஒளி ஊடுருவாத மங்கிய மஞ்சள் புள்ளி ஒன்று காணப்படும்.

ஆகவே பூச்சியைப் பிடித்தால் இந்த வரிசையில் பாருங்கள். முதலில் பின்சிறகின் அடிப்புறம்: புள்ளி வரிசை வளைவா, நேரா? அடுத்து, நடுவில் தனிப்புள்ளி உண்டா? பிறகு முன்சிறகின் மேற்புறம்: சாய்வுக் கோடு உண்டா?

நிபுணர்களுக்கும் இது கடினமே

இவ்வளவு பார்த்தும் பெயர் சொல்ல முடியவில்லை என்றால் வருந்த வேண்டாம். நாள்பட்ட பூச்சியில் செதில் உதிர்ந்து புள்ளிகள் மங்கிவிடும். ஒரே இனத்திலும் மழைக்காலப் பூச்சிக்கும் கோடைக்காலப் பூச்சிக்கும் நிறமும் புள்ளிகளின் அளவும் மாறுபடும். பெண் பூச்சிகளில் சாய்வுக் கோடு இல்லாததால் குழப்பம் மேலும் கூடும்.

இந்தியாவின் வண்ணத்துப்பூச்சிகளை அடையாளம் காணும் நூலை எழுதிய பிரிகேடியர் ஈவான்ஸ் என்பவர், 1949ஆம் ஆண்டில் ஐரோப்பா, ஆசியா, ஆஸ்திரேலியா ஆகிய பகுதிகளின் தாவும் வண்ணத்துப்பூச்சிகளுக்கென்றே தனிப் பட்டியல் நூலை வெளியிட்டார். நெருங்கிய இனங்களைப் பிரிக்க அவரும் ஆண் பூச்சியின் இனப்பெருக்க உறுப்புகளை ஆராய வேண்டியிருந்தது. உருப்பெருக்கி கொண்டு ஆய்வுக்கூடத்தில் செய்யும் வேலை அது. வரப்பில் நின்று செய்ய முடியாது.

நமக்கு ஆறுதலான செய்தி ஒன்றுண்டு. இம்மூன்றின் புழுக்களும் நெல்லில் செய்யும் சேதம் ஒரே வகையானது. நாம் மேற்கொள்ள வேண்டிய நடவடிக்கையும் ஒன்றே. எனவே இவை மூன்றில் எது என்று தெரியாமல் போனால் விளைச்சலுக்குக் குறைவு இல்லை. ஆனால் தாவும் பூச்சியின் புழுவையும் இலைச்சுருட்டுப்புழுவையும் வேறுபடுத்தத் தெரியாவிட்டால் நட்டம் உண்டு. அந்த வேறுபாட்டை இலையே காட்டிக்கொடுக்கும்.

வாழ்க்கைப் பருவங்கள்

பெண் பூச்சி இலையின் மேல் முட்டைகளைத் தனித்தனியாக இடும். குவியலாக இடுவதில்லை. முட்டை அரைக்கோள வடிவில் வெண்மையாக இருக்கும். சில நாட்களில் புழு வெளிவரும். இளம்புழு இலை நுனியையோ விளிம்பையோ பட்டு நூலால் மடித்துக் கட்டிக்கொள்ளும். வளர வளரப் பெரிய சுருளாக அமைத்துக்கொள்ளும். முழு வளர்ச்சியடைந்த புழு பச்சை நிறத்தில் சுமார் 4 செ.மீ. நீளம் இருக்கும். பகலில் சுருளுக்குள் தங்கி, பெரும்பாலும் இரவில் வெளிவந்து தின்னும். பின்னர் இலையிலேயே பட்டு நூல் கட்டிக் கூட்டுப்புழுவாகும். கூட்டுப்புழு இளம்பச்சை நிறத்தில், முன்புறம் கூராக இருக்கும். முட்டையிலிருந்து தாய்ப்பூச்சி வரை ஒரு மாதத்துக்கும் சற்று அதிகமாகும்.

இலையைப் பிரித்துப் பாருங்கள்

வயலில் இலை சுருண்டிருந்தாலோ கடிபட்டிருந்தாலோ கீழ்க்கண்டவற்றைக் கவனியுங்கள்.

தாவும் பூச்சியின் புழு: இலையை விளிம்பிலிருந்து நடுநரம்பை நோக்கிக் கடித்துத் தின்னும். சில இலைகளில் நடுநரம்பு மட்டும் குச்சி போல மிஞ்சும். புழுவின் தலை பெரிதாகவும், அதற்குப் பின்னால் கழுத்து நூலால் இறுக்கிக் கட்டியது போல ஒடுங்கியும் இருக்கும். பெலோபிடாஸ் புழுவின் தலையில் இருபுறமும் செம்பழுப்புப் பட்டை தெரியும். தொட்டால் மெதுவாகவே நகரும். சுருளுக்குள் எச்சம் பெரும்பாலும் இராது. இப்புழு தன் எச்சத்தைச் சுருளுக்கு வெளியே தெறித்து விழும்படி வீசிவிடும் இயல்புடையது. கூட்டுப்புழுவாகும் தறுவாயில் சுருளுக்குள் மாவு போன்ற வெண்ணிற மெழுகுத்தூள் காணப்படும்.

இலைச்சுருட்டுப்புழு: இலையை நீளவாக்கில் மடித்து, உள்ளிருந்தபடியே பச்சையத்தைச் சுரண்டித் தின்னும். இலை ஓட்டையாகாது. ஆனால் வெண்மையான நீண்ட கோடுகள் விழும். தாக்குதல் மிகுந்த வயல் தொலைவிலிருந்து பார்க்க வெளுத்துத் தோன்றும். புழு மெலிந்து, மஞ்சள் கலந்த பச்சையில், சுமார் 2 செ.மீ. நீளம் வரை இருக்கும். தொட்டவுடன் துள்ளி நெளிந்து விழும். மடிப்புக்குள் எச்சம் கிடக்கும்.

கொம்புப்புழு: இதுவும் இலை விளிம்பைத் தின்னும். ஆனால் இலையைச் சுருட்டாது. தலையில் இரண்டு கொம்புகளும் வால் முனையில் இரண்டு நீட்சிகளும் இருப்பதால் எளிதில் அடையாளம் காணலாம்.

பச்சைக் காவடிப்புழு: நடக்கும்போது உடலை வளைத்து வளைத்து அளப்பது போல நடக்கும். கூட்டுப்புழுவாகும்போது இலை நுனியை முக்கோணமாக மடித்துக்கொள்ளும்.

கூண்டுப்புழு: இலையைத் துண்டாக வெட்டிக் குழல் போலச் சுருட்டி அதற்குள் வாழும். இக்குழல்கள் வயல் நீரில் மிதப்பதைக் காணலாம்.

எண்ணிப் பாருங்கள்

புழுவை அடையாளம் கண்ட பிறகு செய்ய வேண்டியது எண்ணிக்கை. வயலின் குறுக்கே மூலைவிட்டமாக நடந்து சென்று 20 குத்துகளைத் தேர்ந்தெடுங்கள். சேதம் கண்ணில் படும் குத்தாகப் பார்த்து எடுக்கக் கூடாது. குறிப்பிட்ட அடிகள் நடந்து, கை படும் குத்தை எடுக்க வேண்டும். ஒவ்வொரு குத்திலும் மொத்த இலைகளையும் சேதமான இலைகளையும் எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள்.

எடுத்துக்காட்டாக, 20 குத்துகளிலும் சேர்த்து 1,000 இலைகள் இருந்து, அவற்றில் 60 இலைகள் சேதமாகியிருந்தால் சேதம் 6 சதம் ஆகும்.

இலைச்சுருட்டுப்புழுவுக்குத் தூர் கட்டும் பருவத்தில் 10 சதம் இலைச் சேதம், பூக்கும் பருவத்தில் கண்ணாடி இலையில் 5 சதம் சேதம் ஆகியவை பொருளாதாரச் சேத நிலை என்று வகுக்கப்பட்டுள்ளன. தாவும் பூச்சியின் புழு பொதுவாக நெல்லில் சிறுபூச்சியாகவே கருதப்படுகிறது. ஆகவே இதே அளவை அதற்கும் வழிகாட்டியாகக் கொண்டால் நாம் அவசரப்பட்டுத் தெளிக்க மாட்டோம்.

பூக்கும் பருவத்துக்கு மட்டும் அளவு ஏன் குறைவு என்று நீங்கள் கேட்கலாம். கண்ணாடி இலைதான் மணிக்குப் பால் பிடிக்க உதவும் முக்கியமான இலை. அது போனால் ஈடு செய்ய வழியில்லை. தூர் கட்டும் பருவத்தில் சில இலைகள் போனால் பயிர் புதிய இலைகளை விட்டு ஈடு செய்துகொள்ளும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். சுருண்ட இலைகளில் எத்தனையில் உயிருள்ள புழு இருக்கிறது? வெறும் சுருளும், குளவிக் கூடு உள்ள சுருளும் மிகுதியாக இருந்தால் தாக்குதல் தணிந்து வருகிறது என்று பொருள். அப்போது மருந்து தெளிப்பது கணக்கைக் கட்டி முடித்த பிறகு மறுபடியும் பணம் கொடுப்பது போன்றதாகும்.

அவசரத் தெளிப்பின் விளைவு

தேவையின்றி மருந்து தெளித்தால் மருந்துச் செலவும் கூலியும் போவதோடு நட்டம் நின்றுவிடுவதில்லை. புகையான் தன் முட்டைகளை நெல்லின் இலை உறைக்குள் செருகி வைக்கும். தெளித்த மருந்து அம்முட்டைகளை அழிப்பதில்லை. ஆனால் புகையானைத் தின்னும் சிலந்திகளும் மிரிட் நாவாய்ப்பூச்சிகளும் அழிந்துவிடும். முட்டையிலிருந்து வெளிவரும் புகையான் குஞ்சுகளுக்கு எதிரி இல்லாமல் போவதால் அவை விரைவாகப் பெருகும்.

புகையானின் கொடுமையை 1973-74ஆம் ஆண்டில் கேரளத்தின் நெல் வயல்கள் கண்டன. இந்தோனேசியாவில் மருந்து தெளிக்கத் தெளிக்கப் புகையான் பெருகியதால், 1986ஆம் ஆண்டு நவம்பரில் அந்நாட்டு அரசு நெல்லில் 57 பூச்சிமருந்துகளைப் பயன்படுத்தத் தடை விதித்தது. இலையில் தெரியும் சிறு சேதத்தைக் கண்டு அஞ்சி முதல் 40 நாட்களுக்குள் தெளிப்பதே பல நாடுகளில் இத்தொல்லைக்குத் தொடக்கமாக அமைந்தது.

செய்ய வேண்டியவை

1. தழைச்சத்தை ஒரே தடவையில் இடாமல் பிரித்து இடுங்கள். இலை வண்ண அட்டையைப் பயன்படுத்தி, தேவையான போது மட்டும் யூரியா இடலாம். கரும்பச்சையாகத் தழைத்த பயிர் இலை தின்னும் புழுக்களை ஈர்க்கும்.

2. வரப்பில் உள்ள புல் பூண்டுகளை அகற்றுங்கள். தாவும் பூச்சிகளின் புழுக்கள் புற்களிலும் வளரக்கூடியவை.

3. சிறு பரப்பாயின் சுருண்ட இலைகளைப் பிரித்துப் புழுக்களைக் கையால் பொறுக்கி அழிக்கலாம். பயிரின் மேல் கயிற்றை இழுத்தும் இலைச்சுருட்டுப்புழு முதலானவற்றை விழச் செய்யலாம். பூக்கும் பருவத்தில் கயிறு இழுக்கக் கூடாது.

4. வயலில் ஆங்காங்கே குச்சிகளை நட்டு வையுங்கள். கரிச்சான் குருவிகள் அவற்றில் அமர்ந்து பூச்சிகளையும் புழுக்களையும் பிடித்துத் தின்னும்.

5. இலைச்சுருட்டுப்புழு ஆண்டுதோறும் தொல்லை தரும் வயல்களில் டிரைக்கோகிரம்மா கைலோனிஸ் என்னும் முட்டை ஒட்டுண்ணியை எக்டருக்கு 1 லட்சம் வீதம், நட்ட 37, 44, 51ஆம் நாட்களில் விடலாம்.

6. சேதம் மேற்கண்ட அளவைத் தாண்டினால் முதலில் வேப்பங்கொட்டைச் சாறு 5 சதக் கரைசலைத் தெளிக்கலாம். ஏக்கருக்கு 10 கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்துத் தூளாக்கி, இரவு முழுவதும் நீரில் ஊற வைத்து, துணியில் வடிகட்டி, 200 லிட்டராக நீர் சேர்த்து, 200 கிராம் காதி சோப்பைக் கரைத்து மாலையில் தெளிக்க வேண்டும்.

7. அதற்கும் கட்டுப்படாவிட்டால் வேளாண்மை உதவி அலுவலரையோ வேளாண் அறிவியல் நிலையத்தையோ அணுகி, நடப்பில் உள்ள பரிந்துரையைக் கேட்டுத் தெளியுங்கள். பழைய குறிப்பேட்டில் எழுதி வைத்த மருந்துப் பெயரைக் கொண்டு கடையில் கேட்காதீர்கள். ஒரு காலத்தில் பரவலாகத் தெளிக்கப்பட்ட எண்டோசல்பானை 2011ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தடை செய்ததை நினைவிற் கொள்ளுங்கள்.

பிற பயிர்களில்

நெல்லில் குழப்பம் தரும் இக்குடும்பம் வேறு பயிர்களில் அவ்வளவு குழப்பம் தருவதில்லை. மஞ்சள், இஞ்சி இலையைச் சுருட்டுவது உடஸ்பெஸ் ஃபோலஸ் என்னும் தாவும் பூச்சியின் புழு. பழுப்புச் சிறகில் பெரிய வெள்ளைத் திட்டு இருப்பதால் தாய்ப்பூச்சியை எளிதில் அறியலாம். தென்னை, வாழை இலைச் சுருளுக்குள் வெண்ணிற மெழுகு நூல்களால் போர்த்தப்பட்ட புழு இருந்தால் அது கங்காரா தைராக்ஸ். அதன் தாய்ப்பூச்சி செந்நிறக் கண்களுடன் அந்தி நேரத்தில் பறக்கும். எந்தப் பயிரில் இருந்தது என்பதே பாதி அடையாளம். ஆகவே பூச்சியை விளக்கம் கேட்க எடுத்து வரும்போது பயிரின் பெயரையும் வயதையும் சேர்த்துச் சொல்லுங்கள். தீப்பெட்டியில் பூச்சியை மட்டும் கொண்டு வராமல், புழு உள்ள சுருண்ட இலை ஒன்றையும் பையில் போட்டு எடுத்து வாருங்கள்.

நீங்களே சோதித்துப் பாருங்கள்

கேள்வி 1: இலை மடிந்திருக்கிறது. வெண்கோடுகள் உள்ளன. உள்ளே எச்சம் கிடக்கிறது. எந்தப் புழு?
விடை: இலைச்சுருட்டுப்புழு.

கேள்வி 2: விளிம்பு கடிபட்ட சுருளுக்குள் எச்சம் இல்லை. பெரிய தலையும் ஒடுங்கிய கழுத்தும் உள்ள பச்சைப் புழு மெதுவாக நகர்கிறது. எந்தப் புழு?
விடை: தாவும் வண்ணத்துப்பூச்சியின் புழு.

கேள்வி 3: நட்ட 25ஆம் நாள், 800 இலைகளில் 40 இலைகள் சேதம். மருந்து தெளிக்கலாமா?
விடை: சேதம் 5 சதமே. தெளிக்க வேண்டியதில்லை. ஒரு வாரம் கழித்து மீண்டும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

கேள்வி 4: சுருளுக்குள் வெள்ளைப் பஞ்சுத் துணுக்கு போன்ற கூடுகள் உள்ளன. என்ன செய்வது?
விடை: அவை நன்மை செய்யும் குளவியின் கூடுகள். அந்த இலையை வயலிலேயே விட்டுவிட வேண்டும்.

விவசாயப் பெருமக்கள் வயலில் தாவும் பூச்சியைக் கண்டதும் தெளிப்பானை எடுக்காமல், இறங்கிச் சென்று இலையைப் பிரித்துப் பார்த்து, எண்ணிக் கணக்கிட்டு, அதன் பின்னரே முடிவு செய்வார்களாயின், வீண் செலவைத் தவிர்த்து நல்ல விளைச்சல் பெறலாம்.